பல்செட்டைக் குறை சொல்லாத வீடு

ஒரு காலத்தில் ஊர் வாயையெல்லாம் திறக்க வைத்தவர் அப்பா. பல்செட் கட்டுவது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பிளாஸ்டர் மாவும் உருகிய மெழுகும் மணக்கும் அந்த அறையில், எதிரே வந்து உட்காருகிறவர் நீதிபதியானாலும் மூட்டை தூக்குகிறவரானாலும் அவருக்கு ஒன்றுதான். தாடைக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து "ஆ காட்டுங்க" என்பார். வாய் தானாகத் திறந்துகொள்ளும். அப்பேர்ப்பட்ட மனிதர் இன்றைக்கு மறதி டாக்டரின் அறையில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, டார்ச் பிடித்த டாக்டரின் கையைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

மகள் சின்னவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. காலை ஷிப்டில் பஸ் ஓட்டிவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் அப்பாவை அழைத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். அப்பாவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அண்ணன். அண்ணன் வெளியூரில் லிஃப்ட் மெக்கானிக். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவன் வந்த காரியம் வேறு.

மறதி நோய் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எதை மறந்தாலும் அப்பா மரியாதையை மறக்கவில்லை. மகளைப் பார்த்து, வாங்க உட்காருங்க, டீ சாப்பிடுறீங்களா என்று கேட்பார். அவளும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, பிறகு எழுந்து போய் அந்த டம்ளரைக் கழுவி வைப்பாள். சிரித்துக்கொண்டே தள்ளிய காலம் அது. போன மாதம்தான் எல்லாம் தலைகீழானது. பொழுது சாய்ந்தால் போதும், அப்பாவுக்குள் வேறு ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார். கூடத்துக்கும் வாசலுக்கும் ஓயாத நடை. கதவைப் பிடித்து உலுக்கல். கையைத் தொட்டால் உதறல், கத்தல். இரவுச் சாப்பாட்டுத் தட்டு சுவரைப் பார்த்துப் பறக்கும். ஒரு நாள் அவர் பிடித்த பிடியில் சின்னவளின் மணிக்கட்டில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்துவிட்டன. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுரீர் என்றது.

பக்கத்துத் தெரு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டதும் அப்பா அடங்கினார். அடங்கினார் என்பதைவிட அணைந்தார் என்று சொல்லலாம். பகலெல்லாம் நாற்காலியில் சரிந்து, கடைவாயில் எச்சில் வழியக் கிடந்தார். எழுந்தால் கால் பின்னியது. அப்படியும் சாயங்காலக் கூத்து முழுசாக நிற்கவில்லை.

அண்ணன் தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்த்து வைத்துவிட்டான். நல்ல இடம்தான், தோட்டமெல்லாம் உண்டு. ஒரு அறை காலியாகியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்த்துவிட வேண்டும். ஆனால் கத்துகிறவரை, அடிக்கிறவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். அதனால் மாத்திரையைக் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் அவன் வந்திருந்தான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அறைக்கு வெளியே காத்திருந்தபோது தங்கையின் மணிக்கட்டைப் பார்த்துக் கண் கலங்கினவன்தான். கலங்கிய கையோடு திட்டவும் செய்தான்.

"ஒவ்வொரு லிஃப்ட்லயும் எத்தனை பேர் ஏறலாம்னு எழுதியிருக்கும். உன் மேல எழுதலைங்கிறதுக்காக நீ பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போறியா? அறுந்தா யாரு வந்து தூக்குவா?"

அப்பாவை அனுப்பக் கூடாது என்பது மட்டும்தான் சின்னவளுக்குத் தெரியும். அந்த வீட்டை விட்டுப் போனால் அவர் மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் அங்கேயே விட்டுவிட்டுப் போவார் என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் காரணம் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மறதி டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. உண்மையில் அவருக்கு நீளமான பட்டம் ஒன்று இருந்தது. வீட்டில் வைத்த பெயர்தான் மறதி டாக்டர். அண்ணன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சிறுநீர் சோதனை, ரத்தச் சோதனை முடிவுகளைப் புரட்டினார். கிருமி இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார், மலச்சிக்கல் இல்லை. காதுக்குள் பார்த்தார். வாய்க்கு வந்தபோதுதான் அவர் கையில் தட்டு விழுந்தது.

டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டு டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாத்திரையைக் கூட்டுறது எனக்கு ஒரு நிமிஷ வேலைங்க. ஆனா இந்த நோய் இருக்கிற வயசானவங்களுக்கு இது பக்கவாதத்தைக் கொண்டு வரலாம், கீழ தள்ளலாம், உயிருக்கே ஆபத்தாவும் போயிருக்கு. அடிதடி ஆகிற அளவுக்குப் போனா கொடுக்கத்தான் வேணும். அதுவும் கொஞ்சமா, கொஞ்ச நாளைக்கு. அதுக்குள்ள இவருக்கு எது தொந்தரவு பண்ணுதுன்னு நாம கண்டுபிடிச்சாகணும்."

நோய் முற்றினால் இப்படித்தான் ஆகும் என்று பக்கத்துத் தெரு டாக்டர் சொன்னாரே என்றான் அண்ணன். ஆகலாம், சாயங்காலம் குழம்புவது இந்த நோயில் சகஜம்தான் என்று இவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் போன மாதம் வரைக்கும் டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டவர், ஒரே மாதத்தில் தட்டை எறிகிறார் என்றால் நோயின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எங்கேயாவது வலிக்கலாம். வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை கிடைக்காமல் கையால் சொல்லிக்கொண்டிருக்கலாம். வாயைப் பார்க்காமல் தான் விடப்போவதில்லை.

"மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துல கொஞ்சம் தளர்ந்து இருப்பார் இல்ல, அப்ப வீட்ல வச்சுப் பாருங்க. அவரைத் தூங்க வைக்கிறதுக்காகக் கொடுக்காதீங்க. பார்க்க வேண்டியதைப் பார்க்கிறதுக்காகக் கொடுங்க. என்ன இருந்தாலும் நாளைக்குக் காலைல எனக்கு போன் பண்ணுங்க."

படி இறங்கும்போது அண்ணன் முணுமுணுத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரோடு வருவேன், அப்போதும் இதே கூத்தாக இருந்தால் வேறு டாக்டரிடம் வாங்கியாவது மாத்திரையைக் கூட்டி அழைத்துக்கொண்டு போவேன், நீ குறுக்கே நிற்கக் கூடாது என்றான். சின்னவள் சரி என்றாள்.

வீட்டில் இன்னொருவரும் உண்டு. பெரியப்பா. அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். பெரியம்மா போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற தொண்டை. சின்னவள் பஸ் ஓட்டப் போகிற காலை நேரத்தில் தம்பியைக் குளிப்பாட்டி, பல்செட்டை மாட்டி, சட்டை போட்டு உட்கார வைப்பது அவர் பொறுப்பு.

அந்தத் தொண்டையிலும் கொஞ்ச நாளாக ஏதோ கோளாறு. 'ச' என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் காற்று உஸ் என்று போனது. முன்னே இருந்த கம்பீரம் இல்லை. ஆப்பிள் பிரியர், ஆப்பிளைத் தொடுவதே இல்லை. ரொட்டியைச் சூப்பில் ஊறப்போட்டு ஓசையில்லாமல் விழுங்குகிறார். அடுத்தது இவரா, ஒரு வீட்டில் எத்தனை பேரைத்தான் நான் தாங்குவேன் என்று சின்னவள் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் டாக்டர் சொன்னபடியே செய்தாள். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்தாள். கூடத்து ஜன்னலை மூடி, ரேடியோவை நிறுத்தி, அப்பாவுக்கு எதிரே அவர் கஸ்டமர்களுக்கு எதிரே உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். தாடைக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்தாள். அவர் முகம் சுளித்தது. கை மேலே எழும்பியது, பாதியில் நின்றது. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது.

"ஆ காட்டுங்க," என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார்.

மேல் பல்செட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அசைத்தபோது பிசுபிசுவென்று ஏதோ பசை நூலாக நீண்டு, செட் கழன்று வந்தது. டார்ச்சை அடித்தாள். இடது பக்கம் ஈறு முழுக்கச் சிவந்து, நடுவில் வெள்ளையாக, ஒரு விரல்நகம் நீளத்துக்குப் புண். அண்ணத்தில் இன்னொன்று.

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. நெஞ்சு திக்திக்கென்று சந்தோஷத்தில் அடித்துக்கொண்டது. அப்பாவின் வாயில் புண்ணைப் பார்த்து ஒரு மகள் சந்தோஷப்படுவாளா? பட்டாள். இருக்கிறது, காரணம் என்று ஒன்று இருக்கிறது. அது அவர் மூளைக்குள் யாருக்கும் எட்டாத இடத்தில் இல்லை. டார்ச் வெளிச்சத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

காலையில் புண் அமைதியாக இருந்திருக்கிறது, ராத்திரி முழுக்கச் செட் கிண்ணத்தில் கிடந்ததால். பகலெல்லாம் அது அழுத்தி அழுத்தி, பொழுது சாய்கிற நேரத்துக்கு அவரால் தாங்க முடியாமல் போயிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவர் முன்னால் தட்டை வைத்துச் சாப்பிடு சாப்பிடு என்றிருக்கிறார்கள். எறியாமல் என்ன செய்வார்?

ஆனால் அப்பா தனக்கென்று கட்டிக்கொண்ட செட் அவருக்கே எப்படிக் குத்தும்? அதைவிட, இந்தப் பசை எங்கிருந்து வந்தது? அவள் பெரியப்பாவைக் கூப்பிட்டாள். பெரியப்பா சூப் கிண்ணத்தோடு வந்து நின்றார். அவள் கையிலிருந்த செட்டைப் பார்த்ததும் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் அந்த வீட்டின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன் வேலையில் யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் அப்பா தாங்க மாட்டார். கஸ்டமர் ஒருவர் லேசாக உறுத்துகிறது என்றால் போதும், அன்றைக்குச் சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது, மறுபடி அச்சு எடுத்து, மறுபடி மெழுகு உருக்கி, அது சரியாகிற வரைக்கும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதனால் அம்மா ஒரு கட்டளை போட்டிருந்தாள்: வெளியாள் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், வீட்டில் யாரும் பல்செட்டைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கட்டளை போகவில்லை. பெரியப்பாவுக்குத் தம்பி கட்டிக் கொடுத்த செட்டைப் பற்றி, பிரமாதம் என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இப்போது வந்தது. மெதுவாக, காற்றோடு சேர்ந்து.

பசை அவர் வாங்கியதுதான். மருந்துக் கடையில் கேட்டாராம், வயதானால் ஈறு சுருங்கும், இதைத் தடவி ஒட்டிக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்களாம். தனக்குத் தடவிக்கொண்டார். தம்பிக்கும் ஆடுவதைப் பார்த்து அவனுக்கும் தடவினார். ட்யூபைத் தன் பனியன்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

"ஏன் பெரியப்பா என்கிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? அவன் கட்டினது ஆடுதுன்னு என் வாயால சொல்லணுமா? அவனுக்கு இப்ப ஒண்ணும் புரியாதுன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. இது மட்டும் புரிஞ்சுட்டா?"

சின்னவள் எழுந்து நாற்காலியை அவருக்கு நேராகத் திருப்பிப் போட்டாள்.

"உட்காருங்க. ஆ காட்டுங்க."

டிரில் மாஸ்டர் சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்து வாயைத் திறந்தார். பசை நூல் இழுக்க அவர் செட்டும் வந்தது. டார்ச் அடித்தாள். இங்கே புண் அத்தனை பெரிதில்லை, ஆனால் வலது பக்கம் ஈறு தடித்துச் சிவந்து கிடந்தது. ஒரே வீட்டில், ஒரே மாதத்தில், இரண்டு வாய் கெட்டுப்போயிருக்கிறது. பஸ்ஸில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இடறினால் ஓட்டுநர் அவர்கள் காலைப் பார்க்க மாட்டார், படியைத்தான் பார்ப்பார்.

இரண்டு செட்டையும் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பசை போகத் தேய்த்துக் கழுவி, ஒரு துண்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசலாக ஒன்றே போல இருந்தன. அப்பா, பெரியப்பா இரண்டு பேருக்குமே இளமையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருக்கும். அப்பா அதைக்கூட விடாமல் இரண்டு செட்டிலும் அப்படியே ஏற்றி வைத்திருந்தார். கஸ்டமர் செட் என்றால் உள்பக்கம் ஒரு எண் கீறியிருப்பார். நம் வீட்டுப் பல் நமக்குத் தெரியாதா என்று இவை இரண்டுக்கும் எதுவும் கீறவில்லை.

கிண்ணம் உடைந்ததிலிருந்தே இந்தக் கூத்து என்பது அதற்குப் பிறகு கேட்டுக் கேட்டு வெளியே வந்தது. போன மாதம் செட் ஊறப்போடும் பீங்கான் கிண்ணம் ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. அன்று ராத்திரி பெரியப்பா இரண்டு செட்டையும் ஒரே பாத்திரத்தில் ஊறப்போட்டார். விடிந்ததும் கண்ணாடி போடாமல் ஒன்றை எடுத்துத் தம்பி வாயில் வைத்தார், மற்றதைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். அன்றைக்கே புதுக் கிண்ணம் வாங்கி, ஒன்று உனக்கு ஒன்று எனக்கு என்று கவனமாகப் பிரித்து வைத்தார். தப்பான பல்லை, தப்பாமல், தினமும்.

"பெரியப்பா, இதை வச்சுப் பாருங்க," என்று சின்னவள் அப்பா வாயிலிருந்து எடுத்ததை நீட்டினாள்.

பெரியப்பா முகத்தைச் சுளித்தார். கழுவியாச்சு, உங்க சொந்தத் தம்பி வாய்தானே என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வைத்து, கட்டைவிரலால் அண்ணத்தை நோக்கி அழுத்தினார். டப் என்று ஒரு சத்தம். காற்று போகும் வழியெல்லாம் அடைத்துக்கொண்டு செட் போய் உட்கார்ந்த சத்தம்.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். நாக்கால் உள்ளே ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு எழுந்து, மார்பை நிமிர்த்தி, மைதானக் குரலில், "சாவதான்" என்று, நேராக நிற்கச் சொல்லும் டிரில் கட்டளையை, ஒரு போடு போட்டார். மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். 'ச' கத்தி மாதிரி விழுந்தது. அப்பா நாற்காலியில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். சின்னவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துச் சிரித்து அழுதாள். பெரியப்பா அதற்குள் அலமாரியைத் திறந்து ஆப்பிளைத் தேட ஆரம்பித்திருந்தார். ஈறு ஆறட்டும் என்று அவரைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் டிரிப் முடிந்து டிப்போவில் நின்றதும் டாக்டருக்கு போன் அடித்தாள். விஷயத்தைக் கேட்டு டாக்டர் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டருக்கே கேட்டது. சிரித்து முடித்ததும் கறாராகச் சொன்னார். புண் ஆறும்வரை அப்பாவுக்கு எந்தச் செட்டும் வேண்டாம், மெல்லாமல் விழுங்குகிற சாப்பாடு. புண்ணுக்கு ஒரு களிம்பு. வலி மாத்திரையை வலிக்கும்போது என்று காத்திருக்காமல் வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்க முடியாது. அடக்குகிற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு சாயங்காலம் நன்றாகப் போனால் பாதியாக்கலாம்.

"இது அந்த மாத்திரை பண்ணின நல்லதுதான், தெரியுமா? அது இல்லேன்னா நீங்க அவர் வாய்க்குள்ள போயிருக்கவே முடியாது. இனிமே அதை மெதுவா வழியனுப்பி வைப்போம்."

அன்று சாயங்காலம் நடை இருந்தது, கதவு உலுக்கல் இல்லை. அடுத்த சாயங்காலம் நடையும் பாதியானது. சூப்பை வைத்தபோது சின்னவளும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடிக்கத் தயாராக, கோல் கீப்பர்கள் மாதிரி நின்றார்கள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்பூனை எடுத்துக் குடித்தார். மாத்திரையைப் பாதியாக உடைத்தாள். பகலில் அப்பா நாற்காலியில் சரிவது குறைந்தது. எச்சில் வழிவது நின்றது. ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் அவள் அண்ணனுக்கு போனில் சொன்னாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் கவிழ்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் துளை போட்டார்கள். அந்த டர்ரென்ற சத்தத்தில் அப்பா எழுந்து, காதைப் பொத்திக்கொண்டு, பெரியப்பாவைத் தள்ளிவிட்டுக் கதவைக் குத்தினார். சத்தம் நின்ற பிறகும் வெகு நேரம் ஓயவில்லை. சின்னவள் மீதிப் பாதி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுத்தால் அடங்குவார். கொடுக்கலாமா என்று டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டாள். பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு உங்கள் அப்பா ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும், போய் அவர்களிடம் சொல்லுங்கள், அவரோடு கொஞ்சம் நடங்கள், அப்படியும் ஆபத்து என்றால் கூப்பிடுங்கள் என்றார் டாக்டர். ஒரு கெட்ட சாயங்காலத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம் என்றும் சொன்னார். அவள் அப்பாவின் கையைப் பிடிக்காமல், பக்கத்தில் மட்டும், கூடத்துக்கும் வாசலுக்கும் சேர்ந்து நடந்தாள். நடந்து நடந்து, அவள் கால் வலித்த பிறகு, அவரும் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. புண் ஆறி வந்திருந்தது. டாக்டர் சொன்னபடி முதல்நாள் கொஞ்ச நேரம் அப்பாவின் சொந்தச் செட்டை வைத்துப் பார்த்திருந்தார்கள்; அவர் எதிர்க்கவில்லை. இன்று சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வைத்தார்கள். டப். பெரியப்பா கைதட்டினார்.

சரியாகப் பொழுது சாய்கிற நேரத்துக்கு அண்ணன் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அப்பாவின் துணிமணிக்கு ஒரு பெட்டியும் கொண்டு வந்திருந்தான். பெட்டியை வாசல் ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான். நான்கு பேரும் மேசையைச் சுற்றி. ரொட்டி, சூப், வேகவைத்த முட்டை. யாரும் சாப்பிடவில்லை. எல்லோர் கண்ணும் அப்பாவின் மேல். அப்பா ரொட்டியைப் பிய்த்தார். வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

அப்பா முட்டையை எடுத்தார். அதையும் மென்றார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நடக்க வேண்டிய நேரம், உலுக்க வேண்டிய நேரம், எறிய வேண்டிய நேரம், ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வெளியே கடந்து போனது.

பெரியப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கிண்ணம் உடைந்த கதையை அண்ணனிடம் நடித்துக்காட்ட ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் தடவியதை, பசையை ஒளித்து வைத்ததை, மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததை. சின்னவள் நடுநடுவே புகுந்து திருத்தினாள். அண்ணன் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், பிறகு அவனாலும் முடியவில்லை. மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் பேசி, மேசையைத் தட்டிச் சிரித்து, வீடே அதிர்ந்தது.

திடீரென்று அப்பா மேசைமேல் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஸ்பூன் எகிறிக் கீழே விழுந்தது. மூன்று பேரும் அப்படியே உறைந்தார்கள். அண்ணனின் கண் வாசலில் இருந்த பெட்டிக்குப் போனது. சின்னவள் அதைப் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தாள்.

அப்பா மூன்று பேரையும் ஒரு சுற்று முறைத்தார்.

"மனுஷனை நிம்மதியா சாப்பிட விடுறீங்களா? என்ன சத்தம் இது, சந்தைக்கடை மாதிரி?"

அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. குனிந்து அடுத்த ரொட்டித் துண்டைச் சூப்பில் தோய்த்தார். நடை இல்லை. எழுந்திருக்கவே இல்லை. ஒரு கோபம் வந்தது, சொன்னார், போய்விட்டது.

அண்ணனின் குரல் கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக வந்தது.

"ஸ்கூல் படிக்கிறப்ப நானும் நீயும் சாப்பிடும்போது சண்டை போட்டா இப்படித்தான் சொல்வார். இதே மாதிரி அடிப்பார். இது நோய் இல்ல. இது அப்பா."

"மாத்திரை இன்னும் பாதி இருக்கு," என்றாள் சின்னவள். பொய் நம்பிக்கை கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "டாக்டர் அடுத்த வாரம் கால் ஆக்கலாம்னு சொன்னாங்க. முடியாட்டி கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்னாங்க. நோய் போகாது. கெட்ட நாளும் வரும்."

"வரட்டும். அன்னிக்கு என்னைக் கூப்பிடு. நீ மட்டும் ஏத்திக்காத."

அவன் எழுந்து வாசலுக்குப் போய் போனை எடுத்தான். அறை வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அவன் சொல்வது உள்ளே தெளிவாகக் கேட்டது. எதற்கு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் ஒரு கணம் தடுமாறிவிட்டு, அப்பா திட்டுகிறார் சார், அதனால்தான் என்றான். பெரியப்பா வாயில் முட்டையோடு குலுங்கினார். சின்னவள் சத்தம் வராமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாயைப் பொத்தியிருக்கும் கையைப் பார்த்தார்.

"என்னங்க, பல் வலியா?" என்று மரியாதையாகக் கேட்டார்.